தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகள்: வாங்குவது முதல் நிறுத்துவது வரை முழுமையான வழிகாட்டி

மதுரையில் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிற எவருக்கும் பழகிப்போன பேச்சு ஒன்று உண்டு. "போன தடவை கொடுத்த அரிப்பு மாத்திரை சரியில்லை அண்ணே, தூக்கமே வரவில்லை." தூங்கவைத்தால் அது நல்ல மாத்திரை, தூங்கவைக்காவிட்டால் டூப்ளிகேட் என்ற எண்ணம் நகரத்திலும் இருக்கிறது, உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கிறது. மருந்தாளுநராக இந்த எண்ணத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். தூக்கத்துக்கும் அரிப்பு அடங்குவதற்கும் சம்பந்தமில்லை. தூக்கம் என்பது அந்த மாத்திரைக்கு நாம் கொடுக்கிற விலை. சில நேரம் அந்த விலையைக் கொடுக்கலாம். பல நேரம் கொடுக்கத் தேவையே இல்லை. எப்போது எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வழிகாட்டி.

முதலில்: மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது

தூசி, பூந்தாது, பூச்சிக்கடி, ஒத்துக்கொள்ளாத உணவு என ஏதோ ஒன்று உடம்பைச் சீண்டும்போது, தோலிலும் மூக்கிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியே விடுகின்றன. அது செல்களில் எச்-1 ஏற்பிகள் என்ற இருக்கைகளில் போய் உட்கார்ந்ததும் அரிப்பு, தடிப்பு, தும்மல், மூக்கில் நீர் எல்லாம் வரிசையாக வருகின்றன. மாட்டுத்தாவணியில் பஸ் வந்து நின்றவுடன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, ஹிஸ்டமின் உட்கார வேண்டிய இடத்தை ஆன்டிஹிஸ்டமின் எனப்படும் இந்த மருந்து முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. வெளியே வந்துவிட்ட ஹிஸ்டமினை அது அழிப்பதில்லை. அதனால்தான் அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது போடும் மாத்திரையைவிட, முன்கூட்டியே போடும் மாத்திரை நன்றாகக் கேட்கிறது.

மூளையில் ஹிஸ்டமினுக்கு வேறு வேலை. நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வகை மருந்துகளில் முதலாவதை 1937-இல் பாரிஸில் கண்டறிந்தவர் டேனியல் போவே. 1957-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் 1940-களில் வந்த முதல் தலைமுறை மருந்துகள் எளிதாக மூளைக்குள் புகுந்து அந்த விழிப்பையும் அடைத்துவிடுகின்றன. போதாததற்கு, அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருளின் வேலையையும் கெடுக்கின்றன. வாய் உலர்வது, மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவை அதனால் வருபவை. 1980-களுக்குப் பின் பரவிய இரண்டாம் தலைமுறை மருந்துகள் பெரும்பாலும் மூளை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. அரிப்பைக் குறைப்பதில் அவை எந்த விதத்திலும் இளைத்தவை அல்ல.

இரண்டாவது: கையில் இருப்பது எது என்று பாருங்கள்

இதைத்தான் நம் ஊரில் யாரும் செய்வதில்லை. பத்து மாத்திரை உள்ள அட்டையிலிருந்து மூன்றைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். அந்தத் துண்டைத் திருப்பிப் பாருங்கள்: வெள்ளிக் காகிதத்தில் மருந்துப் பெயரின் பின்பாதி மட்டும் இருக்கும், காலாவதித் தேதி கடைக்காரரிடம் உள்ள மீதித் துண்டோடு போயிருக்கும். அதைவிட மோசம், "சளிக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்கும் காகிதக் கவர். நான்கு நிறத்தில் நான்கு மாத்திரை. எது எதற்கென்று எழுத்தே கிடையாது. பெயர் தெரியாத மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். கவரின் மேல் பெயரையும் அளவையும் தேதியையும் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எழுதித் தர மறுக்கும் கடையில் மருந்து வாங்க வேண்டியதில்லை.

தூக்கம் தருபவை இவை: குளோர்பெனிரமின் (கடைகளில் சி.பி.எம். என்பார்கள், சளி மாத்திரைகள், சிரப்புகள் பலவற்றில் இருக்கும்), பெனிரமின் (அவில்), ஹைட்ராக்ஸிசின் (அட்டராக்ஸ்), புரோமெத்தசின் (ஃபெனர்கன், அவோமின்), டைபென்ஹைட்ரமின் (சில இருமல் சிரப்புகளில்), சைப்ரோஹெப்டடின் (பசி தூண்டும் சிரப், மாத்திரை). இரண்டாம் தலைமுறையில் ஃபெக்ஸோபெனடின், லோரடடின், பிலாஸ்டின் ஆகியவை அநேகமாகத் தூக்கம் தராதவை. செட்டிரிசினும் லெவோசெட்டிரிசினும் இடைப்பட்டவை; அதே பட்டியலில் வந்தாலும் சிலரை நன்றாகவே அசத்திவிடும்.

அவில் என்ற பெயரைக் கேட்டாலே நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. அதோடு பீட்டாமெத்தசோன் அல்லது டெக்சாமெத்தசோன் சேர்த்துக் கொடுத்தால் எந்த அரிப்பும் உடனே அடங்கும். அடக்கியது பெரும்பாலும் அவில் அல்ல, கூட வந்த ஸ்டீராய்டு. அதைத் தெரியாமல் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டு முகம் ஊதி, சர்க்கரை ஏறி, எலும்பு பலமிழந்து வருபவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. உங்கள் செட்டில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இந்திய மருந்துச் சட்ட விதிகளில் ஆன்டிஹிஸ்டமின்கள் ஜி அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் உட்கொள்வது ஆபத்து என்ற எச்சரிக்கை அட்டையிலேயே அச்சாக வேண்டும் என்பது விதி.

மூன்றாவது: இந்த மாத்திரை எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது

காணாக்கடியில் தொடங்கலாம். நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் எழுந்தால் முதுகிலும் தொடையிலும் பாளம் பாளமாகத் தடித்திருக்கும். எது கடித்தது என்று தெரியாமல் வேப்பிலையால் பாடம் அடிக்கப் போவார்கள். சில மணி நேரத்தில் தடிப்பு இறங்கியும் விடும். பாடம் அடிக்காவிட்டாலும் இறங்கும். இந்த நோயில் ஒரு தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தானே மறைந்து, வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பும். வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் வட்டத்துக்குள் தோல் சாதாரணமாக இருந்தால் இது ஆன்டிஹிஸ்டமின் கேட்கும் நோய். அதே தடிப்பு அங்கேயே நின்று, வலித்து, கன்றிப்போன தழும்பு விட்டால் தோல் மருத்துவரிடம் போயாக வேண்டும்.

காணாக்கடிக்கும் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது தூக்கம் தராத மாத்திரைதான். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், அரிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் போட வேண்டியிருக்கும். மருத்துவர் அளவைக் கூட்டவும் செய்வார். அரிப்பால் இரவெல்லாம் புரண்டு படுப்பவருக்கு மருத்துவர் சில நாளைக்கு ஹைட்ராக்ஸிசின் எழுதுவது உண்டு. தூக்கத்துக்கு விலை கொடுக்கத் தகுந்த இடங்களில் அது ஒன்று.

சொறி சிரங்குக்கு இந்த மாத்திரை மருந்தே அல்ல. இரவில் அரிப்பு அதிகம், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரி, வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் அது தோலுக்குள் குடியிருக்கும் பூச்சி. பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமைக் கழுத்திலிருந்து கால்வரை, வீட்டில் அனைவரும் ஒரே நாளில் தடவ வேண்டும். படர்தாமரைக்குப் பூஞ்சைக்கொல்லி வேண்டும். தோலில் ஒன்றுமே தெரியாமல் உடம்பெல்லாம் வாரக்கணக்கில் அரித்தால் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் சி.பி.எம். போட்டுத் தூங்குவது, நோயை மாதக்கணக்கில் வளர்த்துவிடும் வேலை.

கதிர் அடிக்கும்போது வைக்கோல் சுணை பட்டு வரும் அரிப்புக்கு முதல் மருந்து குளியலும் துணி மாற்றுவதும்தான். தும்மலும் மூக்கொழுகலும் அலர்ஜியால் வந்தால் ஆன்டிஹிஸ்டமின் நன்றாகக் கேட்கும். வைரஸ் சளிக்குப் பலன் சொற்பம். ஆஸ்துமா இழுப்புக்கு இது சிகிச்சையே அல்ல. இன்ஹேலரை விட்டுவிட்டு இதைப் போடக் கூடாது.

கொடைக்கானல் போகிறவர்கள் வத்தலக்குண்டு தாண்டியதும் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுப்பதைத் தடுக்க, புரோமெத்தசின் வகையான அவோமின் உதவும். புறப்படுவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரை வயிற்றில் தங்காது. வண்டி ஓட்டுபவர் இதைத் தொடவே கூடாது.

சைப்ரோஹெப்டடின் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், ஒல்லியாக இருக்கிறாள், கொஞ்சம் சதை போட மாத்திரை வேண்டும் என்று தாய்மார்கள் வருகிறார்கள். இந்த மருந்து செரோடோனினையும் தடுப்பதால் பசி எடுப்பது உண்மை. எடையும் கொஞ்சம் ஏறும். நிறுத்தினால் பசியும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அதுவரை அந்தப் பெண் பகலெல்லாம் அசந்து கிடப்பாள், படிப்பில் மனம் நிற்காது. ஒல்லியாக இருப்பதற்கு இரத்தசோகை, தைராய்டு, காசநோய், குடற்புழு என்று காரணம் இருக்கலாம். இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லித்தான் நான் திருப்பி அனுப்புகிறேன்.

தூக்கம் வராதவர்கள் இதையே தூக்க மாத்திரையாக வைத்துக்கொள்வதும் சரியல்ல. சில நாட்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். மக்கள் அளவைக் கூட்டத் தொடங்குவார்கள்.

நான்காவது: போடுவதற்கு முன் சொல்ல வேண்டியவை

வீட்டில் 65 வயதுக்கு மேற்பட்டவர் இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். முதியவர்களுக்கு முதல் தலைமுறை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள முதியோர் மருத்துவ வழிகாட்டல். நடுராத்திரியில் எழுந்து தடுமாறி விழுவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இரண்டு நாளாக மலம் போகாமல் தவிப்பது எல்லாம் ஒரு சாதாரண சளி மாத்திரையால் வரலாம். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடியோடு நின்றுபோகலாம். சளிக்குச் செட் மாத்திரை போட்ட பெரியவரை மறுநாள் அடிவயிறு உப்பி, குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவது மருத்துவமனைகளில் புதிதல்ல. "அப்பாவுக்கு முதுமை வந்துவிட்டது, உளறுகிறார்" என்று முடிவுகட்டுவதற்கு முன், கடந்த ஒரு வாரத்தில் என்னென்ன மாத்திரை போட்டார் என்று எண்ணிப் பாருங்கள்.

கண் அழுத்த நோய், வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் போடக் கூடாது. ஹைட்ராக்ஸிசின் இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், 2015-இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதன் உச்ச அளவைப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 100 மி.கி., முதியவர்களுக்கு வேறு வழியே இல்லாவிட்டால் 50 மி.கி. என்று குறைத்தது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ஹைட்ராக்ஸிசின் வேண்டாம். பாலூட்டும் தாய் தூக்கம் தரும் மாத்திரை போட்டால் குழந்தையும் சோர்ந்து சரியாகப் பால் குடிக்காமல் போகலாம்.

மதுவோடு இது சேரவே கூடாது. அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள், டிராமடால் போன்ற வலி மாத்திரைகள், வலிப்பு மருந்துகள், சில மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் இதோடு சேரும்போது மயக்கத்தைக் கூட்டும், மூச்சையும் மந்தமாக்கலாம். சளி மாத்திரையும் இருமல் சிரப்பும் அரிப்பு மாத்திரையும் தனித்தனியாக வாங்கி, மூன்றிலும் குளோர்பெனிரமின் இருப்பது தெரியாமல் மூன்று மடங்கு விழுங்குகிறவர்கள் ஏராளம். பெயரைப் படியுங்கள் என்று மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம்.

ஐந்தாவது: அளவும் நேரமும்

குளோர்பெனிரமின் பெரியவர்களுக்கு 4 மி.கி. மாத்திரை. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளில் 24 மி.கி. தாண்டக் கூடாது. முதியவருக்கு அதில் பாதிதான் உச்சம். நடைமுறையில் இரவு ஒன்று போதுமானவர்களே அதிகம். அவில் 25 மி.கி., ஹைட்ராக்ஸிசின் 10 அல்லது 25 மி.கி. என்று மருத்துவர் எழுதிய அளவிலேயே நில்லுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். வயிறு புரட்டினால் பின்பு போடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பலன் தெரியும். முதல் தடவை போடும் மாத்திரையை மறுநாள் வேலை இல்லாத இரவில் போடுங்கள். உங்கள் உடம்பு எவ்வளவு அசருகிறது என்று அதில் தெரிந்துவிடும். வாய் உலர்ந்தால் தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள்.

ஆறாவது: மறுநாள் காலை

இரவு போட்டேன், காலையில் தெளிந்துவிட்டேன் என்று சாவியை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளோர்பெனிரமின், ஹைட்ராக்ஸிசின் இரண்டுமே இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும். இரவு பத்து மணிக்குப் போட்டது மறுநாள் காலை ஆறு மணிக்கு மேலூர் நான்குவழிச் சாலையில் பைக்கில் போகும்போதும் உடம்பில் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் நடந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், 50 மி.கி. டைபென்ஹைட்ரமின் போட்டவர்களையும், இரத்தத்தில் மது ஏறக்குறைய 0.1 சதவீதம் இருந்தவர்களையும் கார் சிமுலேட்டரில் ஓட்டவைத்தார்கள். மாத்திரை போட்டவர்கள் மது குடித்தவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் மது அளவு 0.03 சதவீதம். இன்னொன்றும் அதில் தெரிந்தது: தனக்குத் தூக்கம் வருகிறதா என்று ஒருவர் உணர்வதை வைத்து அவர் எவ்வளவு தடுமாறுவார் என்று கணிக்க முடியவில்லை. "எனக்கு ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையை நம்பி ஆட்டோவோ லாரியோ ஓட்டாதீர்கள். தறி, அரவை, மின்சார வேலை, சாரம் ஏறும் வேலை எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். வாகனம் ஓட்டிப் பிழைப்பவர் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் ஃபெக்ஸோபெனடின் போல ஒன்றை எழுதுவார். ஃபெக்ஸோபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்குங்கள். சாறு அதை உடம்பில் சரியாக ஏறவிடாது.

மதுரைக்கென்றே ஒரு ஆபத்தும் உண்டு. இந்த மருந்துகள் வியர்வையைக் குறைக்கின்றன. அக்னி நட்சத்திர வெயிலில் செங்கல் சூளையிலோ வயலிலோ நிற்பவருக்கும், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்கும் பெரியவருக்கும் உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் போகும். அந்த நாட்களில் பகல் வேளை மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது.

ஏழாவது: குழந்தைகள்

அழும் குழந்தையைத் தூங்கவைக்கச் சளி சிரப் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். குளோர்பெனிரமினும் மூக்கடைப்புக்கான பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் எச்சரிக்கை போடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். புரோமெத்தசின் 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் மூச்சையே நிறுத்திவிடக்கூடும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததையடுத்துத் தமிழ்நாட்டில் விற்பனை நிறுத்தப்பட்ட சிரப், குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் உள்ள சளிக் கலவைதான். உயிரைப் பறித்தது அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. தேவையில்லாத சிரப்பை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருந்தால் எல்லா வகையான ஆபத்தும் குறையும்.

அளவுக்கு மீறி விழுங்கிய குழந்தை எப்போதும் தூங்கித்தான் போகும் என்று நினைக்காதீர்கள். முகம் சிவந்து, தோல் சூடாகி உலர்ந்து, கண்மணி விரிந்து, துள்ளித் திமிறி, வலிப்பு வரலாம். வாந்தி எடுக்கவைக்க முயலாமல், மீதி மாத்திரையையும் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எட்டாவது: மாத்திரையை நம்பி உட்காரக் கூடாத நேரம்

கதண்டு கொட்டி, அல்லது ஊசி போட்டு, அல்லது ஏதோ சாப்பிட்டுச் சில நிமிடங்களில் நாக்கு, உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இரைத்து, தலை சுற்றி, வாந்தி வந்தால் அது அனஃபிலாக்சிஸ் என்ற, உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அங்கே உயிர் காக்கும் முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அவில் மாத்திரையோ அவில் ஊசியோ தொண்டை வீக்கத்தையும் விழும் இரத்த அழுத்தத்தையும் மீட்காது. 108-ஐ அழையுங்கள்; கால்களைச் சற்று உயர்த்திப் படுக்கவையுங்கள், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடுங்கள், நடக்கவிடாதீர்கள். கோரிப்பாளையம் அருகே உள்ள அரசு இராசாசி மருத்துவமனைதான் என்று அடம்பிடித்து தூரம் போகாமல், திருமங்கலமோ மேலூரோ உசிலம்பட்டியோ அருகில் இருக்கும் அரசு மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். தேறியதும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து அது திரும்ப வரக்கூடும்.

அரிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்குகிறதா? இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவராக இருந்தால் அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். அதற்கு ஆன்டிஹிஸ்டமின் கேட்காது. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்ல வேண்டும்.

கடைசியாக: நிறுத்துவது

இரண்டு மூன்று நாள் போட்டவர் அரிப்பு நின்றதும் நிறுத்திவிடலாம்; கோர்ஸ் முடிக்க வேண்டிய மருந்து இது இல்லை. தோலில் ஊசி குத்திப் பார்க்கும் அலர்ஜி பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தினால்தான் முடிவு சரியாக வரும். சரியான நாளைப் பரிசோதனை செய்யும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் செட்டிரிசின் அல்லது லெவோசெட்டிரிசின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு, நிறுத்திய சில நாட்களில் முன்பு இல்லாத கடும் அரிப்பு வருகிறது. இதைப் பற்றி 2025 மே மாதத்தில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து ஆயுளுக்கும் மாத்திரையைத் தொடர வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் மறுபடி தொடங்கி, அளவையும் நாளையும் மெல்லக் குறைத்து விடுவிப்பார்.